முன் டிக்கியில் ஒரு ஃபேன் பெல்ட்

ரப்பர் தீய்கிற நாற்றம் எங்கே வந்தாலும் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. லஸ் முனையில் சிக்னலுக்கு நிற்கும்போது பக்கத்து மினி பஸ்ஸின் அடியிலிருந்து வரும். போகியன்று விடியற்காலை தெரு முழுக்க வரும். வீட்டில் இட்லிக்கு அரைத்து அரைத்து மிக்ஸி சூடேறினால் வரும். கை மூடும். விரல்கள் எதையோ பிடித்திருக்கும். அடுத்த கணம் முதுகு குறுகும். அடிக்கிற கையும் அடி வாங்குகிற முதுகும் என் உடம்பில் ஒட்டுக் குடித்தனம், நடுவே சுவர் இல்லை.

அப்பாவுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் லாரி உதிரிபாகக் கடை. உள்சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி ஃபேன் பெல்ட்டுகள், தோலை உரித்துத் தொங்கவிட்ட மாதிரி. அவருடைய ஒரே ஆடம்பரம் ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இங்கே வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. வீட்டில் யாரையும் கேட்காமல் வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே கதவு. என்ஜின் பின்னால், டிக்கி முன்னால். ரேடியேட்டர் கிடையாது, சொட்டுத் தண்ணீர் குடிக்காது. பின்மூடியில் உள்ள கம்பிச் சட்டம் வழியாக ஒரு விசிறி வெளிக்காற்றை உறிஞ்சி ஆறு சிலிண்டர்கள் மேலும் ஓங்கி அறையும். அந்த விசிறி சுற்றுவது ஒரே ஒரு பெல்ட்டின் தயவில். பெல்ட் போனால் விசிறி நிற்கும். விசிறி நின்றால் சில நிமிஷங்களில் என்ஜின் தன்னைத்தானே தின்றுவிடும். பனி பெய்கிற ஊருக்காகச் செய்த அந்த வண்டியை அப்பா மே மாத மயிலாப்பூரில் ஓட்டினார். வண்டி கொதித்துத் திரும்பி வரும் நாட்களில் அவரும் கொதித்துத் திரும்பி வருவார்.

ஸ்பேர் பெல்ட் ஒன்று எப்போதும் முன் டிக்கியில் கிடக்கும். அதற்கு இரண்டு வேலை. அப்பா என்னை எடுத்த எடுப்பில் அடிக்கமாட்டார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவார். டிக்கி திறக்கிற சத்தம் கேட்கும், தகரம் இருமுகிற மாதிரி. பிறகு மூடுகிற சத்தம். இரண்டுக்கும் நடுவில் நான் சட்டையைக் கழற்றியிருக்க வேண்டும். மார்க் குறைந்ததற்கு, பந்து எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்டதற்கு, பதில் சொன்னதற்கு, பதில் சொல்லாததற்கு. பெல்ட்டின் இரண்டு விளிம்பும் தனித்தனியாகப் பதியும். ஒரு அடிக்கு இரண்டு கோடு, தண்டவாளம் மாதிரி. அம்மா தேங்காயெண்ணெய் தடவும்போது அவள் விரல் அந்தத் தண்டவாளத்தின்மேலேயே போகும். 

அப்பா செத்தார். கடை போயிற்று. வண்டி வீட்டுப் பக்கத்துச் சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை, விற்கவுமில்லை.

என் கையைப் பற்றி என் மனைவிக்குத் தெரியும். கல்யாணமான முதல் வருஷத்திலேயே குளியலறைக் கதவைக் கீலோடு பெயர்த்திருந்தேன். தி. நகரில் பைக் நிறுத்துகிற தகராறில் ஒருவர் மூக்கை உடைத்துவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகள் பிறந்த அன்று நர்சிங் ஹோமில் குழந்தையை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டியபோது அவள் கொடுக்கவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"இந்தக் கை இவ மேல படாதுன்னு சொல்லுங்க. சொன்னாதான் குடுப்பேன்."

சொன்னேன். கொடுத்தாள். இருபத்து நாலு வருஷம் அந்தச் சொல் நின்றது. அதில் பத்தொன்பது வருஷத்தைக் கூட இருந்து பார்த்துவிட்டு மனைவி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். தட்டு உடைந்தது, ரிமோட் உடைந்தது, பீரோக் கண்ணாடி ஒரு முறை என் முழங்கையில் உடைந்து ஆறு தையல் போட்டார்கள். மகள்மேல் கை படவில்லை. நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

மகள் மெக்கானிக்கல் படித்தாள். ஒரகடம் பக்கம் வேலை, விடியற்காலை கம்பெனி பஸ். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்துக்குள் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். ஒரு பெருச்சாளி அவள் கால்மேல் ஏறி ஓடியது. அவள் நகரவில்லை.

"இதை ஏம்பா சாகவிட்டே?"

"இந்த ஊர் வெயில்ல அது ஓடாதும்மா. உங்க தாத்தா காலத்துலயே ரெண்டு தடவை என்ஜின் ஜாம் ஆச்சு."

"ஊர் மேல பழியைப் போடாதே."

ஒரு வாரம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தாள். பிறகு கன்னம் முழுக்கக் கறுப்பாக எழுந்து வந்து விஷயத்தைச் சொன்னாள். பைக் என்ஜினைத் தவிர வேறெதையும் பார்த்திராத யாரோ ஒரு மெக்கானிக், என்ஜினைச் சுற்றியிருந்த தகரத் தடுப்புகளையெல்லாம் எந்தக் காலத்திலோ பிய்த்து எறிந்திருக்கிறார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று.

"மேல இருக்கிறது நல்ல காத்து. கீழ சைலன்சர் பக்கம் இருக்கிறது கொதிக்கிற காத்து. நடுவுல தகரம் இல்லன்னா விசிறி கீழ இருக்கிறதையும் சேத்து இழுக்கும். தான் விட்ட மூச்சைத் தானே திரும்பக் குடிக்கும். தாத்தா வண்டி அப்படித்தான் செத்துச்சு."

"திறந்து விட்டா சூடு குறையும்னுதானே தோணும்."

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்."

புதுப்பேட்டையில் தகரம் வாங்கிவந்தாள். சந்தில் உட்கார்ந்து வெட்டினாள். தகரம் வெட்டுப்படுகிற ஓலம் மாடிக்காரர்களைப் பால்கனிக்கு இழுத்தது. விரலைக் கிழித்துக்கொண்டாள், பல்லால் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி வெட்டினாள். தகரத்தின் விளிம்புக்கெல்லாம் ரப்பர் பட்டை வைத்து அடைத்தாள். சிலிண்டர் இடுக்குகளில் நாற்பது வருஷத்து மண்ணும் ஆயிலும் கல்லாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயும் இரும்பு பிரஷ்ஷும் கொண்டு அதைக் குத்திக் குடைந்து எடுத்தாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆயிலைக் குளிர வைக்க இன்னொரு கூலர், அதற்கு ஒரு சின்ன மின்விசிறி. எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை.

"என்ஜின்ல அடிப்பா. என் மூஞ்சில அடிக்கிறே."

அந்த வார்த்தையை அவள் சாதாரணமாகச் சொன்னாள். டார்ச்சைத் தாழ்த்தினேன்.

டிக்கியைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பழைய பெல்ட்டை விரல் நுனியால் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது எதுக்கு? பாளம் பாளமா வெடிச்சிருக்கு. தூக்கிப் போட்டுடவா?"

"இருக்கட்டும். ஸ்பேர்."

"இதை மாட்டினா அடுத்த சிக்னல் வரைக்கும் தாங்காது."

"இருக்கட்டும்னு சொன்னேன்ல."

தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்ப உள்ளே போட்டாள். அதன் இன்னொரு வேலை என்ன என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை.

புனேயில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. அக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் வண்டிக்கு அடியிலிருந்தே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்: "இந்த மாதிரி வண்டி இந்த ஊர்ல இன்னும் கொஞ்சம் பேர்கிட்ட இருக்குப்பா. சூடாகுதுன்னு மூடி வெச்சிருக்காங்க. இது இங்க டிராஃபிக்ல சூடாகாம ஓடிடுச்சுன்னா நான் இங்கயே ஒரு ஷெட் போட்டுடறேன். ஓடலன்னா புனே."

அன்றிலிருந்து அந்த என்ஜினின் சூடு என் சூடாயிற்று. அது குளிர்ந்தால் மகள் வீட்டில். கொதித்தால் புனேயில். ராத்திரி தூக்கத்தில்கூட ஆயில் சூட்டைக் காட்டுகிற முள் ஏறுவதைப் பார்த்தேன்.

ஸ்பீடோமீட்டருக்குக் கீழே ஒரு சீட்டை எழுதி ஒட்டினாள். மூன்று வரி. ஜாமில் ஆஃப் பண்ணாதே. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதி. சிவப்பு எரிந்தால் நிறுத்து.

முதல் வரிக்கே சண்டைக்குப் போனேன். சூடான வண்டியை அணைத்து வைப்பதுதானே வழக்கம்.

"விசிறியைச் சுத்தறதே என்ஜின்தான். சூட்டோட சூடா நிறுத்தினா விசிறியும் நின்னுடும். உள்ளயே வேகும். ஓடவிட்டு ஆத்தணும்."

"மூணாவது? அது பேட்டரி லைட்டுதானே?"

"விசிறியும் பேட்டரி சார்ஜும் ஒரே பெல்ட்டுலப்பா. அது எரிஞ்சா பெல்ட் போச்சுன்னு அர்த்தம். பேட்டரிதானே, வீடு வரைக்கும் போயிடலாம்னு போனேன்னா நீ வீட்டுக்கு வருவே, என்ஜின் வராது."

செப்டம்பர் கடைசியில் தி. நகருக்குக் கொண்டுபோனோம். பண்டிகைத் துணிக்கூட்டம். பனகல் பார்க் ஓரம் முக்கால் மணி நேரம் நகரவில்லை. ஹாரன் நாலு பக்கத்திலிருந்தும் காதில் கத்தியைச் செருகியது. ஆயில் முள் ஏறியது, ஏறியது, ஓர் இடத்தில் நின்றது. பக்கத்தில் பைக்கில் இருந்தவர் குனிந்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்னா சார், காரு வாங்கினா தையல் மிஷின் ஃப்ரீயா குடுத்தானா?" என்றார்.

"ஆமாண்ணா," என்றாள் மகள். "ரொம்பப் பேசற வாயைத் தைக்கறதுக்கு."

அவர் சிரித்துவிட்டார். என் கை அதற்குள் கதவுப் பிடியில் இருந்தது. அவள் என் முழங்காலில் தட்டினாள். "அப்பா. ஆக்ஸிலரேட்டர்." மிதித்தேன். முள் கொஞ்சம் இறங்கியது. திரும்பும்போது வழியெல்லாம் அவள் ஷெட்டைப் பற்றியே பேசினாள். மந்தைவெளியில் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள்.

கடைசிச் சோதனையை ஆயுத பூஜையன்று வைத்துக்கொண்டோம். மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை, திரும்ப வீடு. விடுமுறைக் கூட்டத்தைத் தாங்கிவிட்டால் எதையும் தாங்கும் என்றாள்.

அன்று காலை வானம் வீங்கிக் கிடந்தது, மழையை விடவில்லை. தெருத் தெருவாகப் பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கி ரோட்டில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே திணித்த குங்குமம் சிதற, அவை பிளந்த தலைகளாக நடுரோட்டில் கிடந்தன. ஸ்கூட்டர் ஒன்று வழுக்கி ஓர் ஆள் விழுந்து எழுந்து, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பூசணிக்காயைக் காலால் உதைத்துவிட்டுப் போனார்.

மாட வீதியில் மாலை வாங்கிவந்தேன். கனமான சாமந்தி மாலை, நைலான் நூலில் கட்டி நடுநடுவே ஜிகினா சுற்றியது. எல்லாரும் வண்டிக்கு முன்பக்கம் போடுவார்கள். நான் யோசித்தேன். பூஜை என்ஜினுக்கு. இந்த வண்டிக்கு என்ஜின் பின்னால். முன்னால் போட்டால் டிக்கிக்கு அல்லவா மாலை போட்டதாகும்? அந்த டிக்கிக்கா? பின்மூடியின் கம்பிச் சட்டத்தின்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன், மாலையை அதன் குறுக்கே படுக்க வைத்தேன்.

மகள் வெளியே வந்து பார்த்தாள். "அப்பா, அதுக்கு மூக்கே அதுதான். மூக்கை அடைச்சு மாலை போட்டிருக்கே."

"பூஜை போட்ட மாலையைக் கிளம்பறதுக்கு முன்னாடி எடுக்கக்கூடாதும்மா. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து எடுத்துடறேன்."

"எடுக்க வேண்டாம். தள்ளி வை. கண்ணாடிப் பக்கம் தள்ளிக் கட்டு."

"சரி."

அவள் சாவியை எடுக்க உள்ளே போனாள். நான் தள்ளினேன். ஒரு சாண். அதற்குமேல் தள்ளக் கை வரவில்லை. பூஜை குலைந்தால் வண்டிக்கு ஏதாவது ஆகும், வண்டிக்கு ஏதாவது ஆனால் அவள் போய்விடுவாள் என்று பயம். அவள் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் போய்ப் பார்க்கவில்லை. நான் சரி என்று சொல்லியிருந்தேனே. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழங்கள் பட் பட்டென்று வெடித்தன.

மந்தைவெளி தாண்டும் வரை முள் அசையவில்லை. வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் முன்னும் பின்னும். அடையாறு பாலம் ஏறும்போது கூட்டம் இறுகியது. அப்போதுதான் அந்த நாற்றம். என் கை ஸ்டீயரிங்கில் இறுகியது. வேறு வண்டியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அப்பா, நிறுத்து."

"பாலத்து மேல எப்படிம்மா நிறுத்தறது?"

"நிறுத்துப்பா. இப்போ."

பின்னால் ஹாரன்கள் முதுகில் குத்தின. ஒரு பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி என்னைப் பெற்றவளை இழுத்துப் பேசினார். எனக்கு மூன்றாவது வரி மறந்து இரண்டாவது வரி ஞாபகம் வந்தது. மிதித்தேன். இறங்கினதும் நிறுத்திவிடுகிறேன் என்று கத்தினேன். பாலம் முடியவில்லை. என்ஜின் முதலில் கடகடத்தது, பிறகு யாரையோ உயிரோடு அறுக்கிற மாதிரி அலறியது, பிறகு ஒரே ஓர் அடி. வண்டி முன்னால் தலையைக் குத்தி நின்றது. பாலத்தின் இறக்கத்தில், அடையாறு பக்கம். பின்னாலிருந்து புகை எங்களைத் தாண்டி முன்னால் போயிற்று.

இறங்கி ஓரம் தள்ளினோம். ஓர் ஆட்டோக்காரர் கையில் தண்ணீர் கேனோடு ஓடிவந்தார். என் வயசுக்காரர், வாழைக்கன்று கட்டிய அவருடைய ஆட்டோ பின்னால் என்ஜின் ஓடியபடி நின்றது.

"தள்ளு தள்ளு, தண்ணி ஊத்தறேன்."

"ஊத்தாதீங்கண்ணா. தண்ணி பட்டா வெடிச்சுடும்," என்றாள் மகள்.

"ரேடியேட்டர் எங்கம்மா கீது?"

"ரேடியேட்டரே கிடையாதுண்ணா."

"ரேடியேட்டர் இல்லாத வண்டிய எவம்மா துட்டு குடுத்து வாங்கினான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் பிடரியில் ஏறியது. மகள் துணியைச் சுற்றிக்கொண்டு பின்மூடியைத் தூக்கினாள். உள்ளே புகை. புதிய பெல்ட் அறுந்து ஓரமாகக் கிடந்தது, வெட்டிப் போட்ட பாம்பு மாதிரி.

"பெல்ட் போச்சு. டிக்கியில அந்தப் பழசு இருக்கில்ல, அதையாவது எடுத்துட்டு வா. ஆறினதும் மாட்டிப் பாக்கலாம்."

முன்னால் போனேன். டிக்கியைத் திறந்தேன். தகரம் இருமியது. பெல்ட்டை எடுத்தேன். மூடினேன். நான் நடந்து வந்த அந்தப் பத்தடியில் என் கால்கள் என் கால்களாக இல்லை. அப்பாவின் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

"நேத்து நீதானே மாட்டினே," என்றேன்.

"ஆமா. சரியாத்தான் மாட்டினேன்."

"சரியா மாட்டினா எப்படி அறுந்துச்சு?"

"தெரியலப்பா, பாக்கணும். நிறுத்துன்னு சொன்னேன்ல, நீதான்..."

அந்த "நீதான்" முடியவில்லை. முதல் அடி அவள் தூக்கிய முன்கையில் விழுந்தது. இரண்டாவது தோளில். மூன்றாவதுக்கு அவள் விலகிவிட்டாள், அது மூடித் தகரத்தில் விழுந்து பெயின்ட்டைப் பெயர்த்தது. அவள் கத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பெல்ட்டைப் பார்த்தாள்.

ஆட்டோக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "யோவ். வளந்த பொண்ணு மேல கை வெச்சிக்கினு கீற. கீழ போடுய்யா அத்த."

நான் அவர்மேல் பாய்ந்தேன். அவர் என்னை அறைந்தார். கேன் உருண்டது. ஒரு காதில் கடல் சத்தம். மறுபடி அறைந்தார், சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பிளாட்பாரத்தில் உட்காரவைத்தார். "பாத்தா படிச்சவன் மாதிரி கீற. எந்திரிச்ச, தாவு தீந்துடும்," என்றார். பிறகு மகளிடம் போய்க் குரலை இறக்கி, "வாம்மா, வூட்ல வுட்டுடறேன். துட்டெல்லாம் வாணாம்," என்றார்.

"இல்லண்ணா. வண்டியை ஏத்தி அனுப்பணும்."

அவர் போகாமல் நின்றார். வண்டி ஏற்றுகிற லாரி வரும் வரை எனக்கும் அவளுக்கும் நடுவில், என்னைப் பார்த்தபடி நின்றார். அவள் முன்கையில் இரண்டு இணைகோடுகள் சிவந்து தடித்துக்கொண்டு வந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கோடு முதலில் தடிக்கும், எது பிறகு கறுக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவள் லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறிப் போனாள். நான் நடந்தேன். மந்தைவெளி, தேவடித் தெரு, சித்திரக்குளம், வழியெல்லாம் பூசணிக்காய். ஒன்றையும் தாண்டவில்லை, மிதித்தே நடந்தேன். வீட்டுக்கு வந்தபோது கால் முழங்கால் வரை சிவப்பு.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. "கழட்டாம போகமாட்டேன். எதனால போச்சுன்னு எனக்குத் தெரியணும்," என்று மட்டும் சொன்னாள், சந்துக்குள் போனாள். இரண்டு நாள் ஸ்பேனர் சத்தம். சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன், தட்டு கழுவித் திரும்பி வந்திருக்கும். மூன்றாம் நாள் மத்தியானம் கூப்பிட்டாள்.

"அப்பா, கொஞ்சம் வாங்க."

அதுவரை அவள் என்னை வாங்க என்றதில்லை.

தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. விசிறியைக் கழற்றிப் படுக்க வைத்திருந்தாள். அதன் கப்பியில் நைலான் நூலும் ஜிகினாவும் சேர்ந்து, சீப்பில் சுற்றிய முடி மாதிரி இறுகிக் கிடந்தன. என்ஜினோடு இருக்கிற பழைய ஆயில் கூலரின் இடுக்குகளில் கரி. ஒரு சின்ன இடுக்கியால் அதில் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். வெந்து கறுத்த இதழ். மோந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. தீய்ந்த சாமந்தியும் சந்தனமும் சந்து முழுக்க இருந்தது, ஒரு பிணம் போன வீட்டு வாசல் மாதிரி.

"தள்ளி வெச்சீங்களா?"

"ஒரு சாண் தள்ளினேன்."

"ஒரு சாண்," என்றாள். தன் கையை விரித்துக் காகிதத்தின்மேல் வைத்து அளந்து பார்த்தாள். அந்தக் கையில்தான் கோடுகள், இப்போது ஊதாவாகியிருந்தன.

நான் அப்போதுதான் சொன்னேன். பெல்ட்டின் இரண்டாவது வேலையை, செருப்புச் சத்தத்தை, டிக்கி திறந்து மூடுகிற சத்தத்தை. சொல்லிக்கொண்டே சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினேன், எதற்கென்று தெரியாமல். சாட்சிக்கா, சலுகைக்கா. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலையே."

"போயிடுச்சு."

"அப்ப இதுவும் போயிடும்." ஆறுதலாகச் சொன்ன மாதிரி இல்லை. அளவு எடுத்துச் சொல்கிற குரல். பிறகு இடுக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, "பொறந்தன்னிக்கு அம்மாகிட்ட என்ன சொல்லி என்னை வாங்கிக்கிட்டீங்கன்னு அம்மா சொல்லியிருக்கா," என்றாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் மோதிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதையும் அவள்தானே பார்க்க வேண்டியிருக்கும் என்று நின்றேன்.

அடுத்த மூன்று வாரமும் சனி ஞாயிறுகளில் என்ஜினை முழுக்கப் பிரித்தாள். மூன்று பிஸ்டன்கள் பூனை பிராண்டின மாதிரி கீறியிருந்தன. ஒவ்வொரு சாமானையும் துடைத்து, காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு, மேலே எழுதி ஒட்டினாள். தகரத் தடுப்புகளை மட்டும் திரும்ப வண்டியிலேயே மாட்டிவைத்தாள், உள்ளே என்ஜின் இல்லாமல். மந்தைவெளி இடத்துக்காரரிடம் வேண்டாம் என்று போனில் சொன்னது கூடத்திலிருந்து எனக்குக் கேட்டது.

புனே போகிற அன்று மத்தியானம் வாடகைக் கார் வாசலில் நின்றது. டிரைவர் பெட்டிகளை ஏற்றினார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். எப்போ வருவே என்று கேட்டேன். "ஒரு நிமிஷம்," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுச் சந்துக்குள் போனாள்.

தகரம் இருமியது. டிக்கி திறக்கிற சத்தம். என் முதுகு குறுகியது. ஐம்பத்திரண்டு வயசில், நடுவாசலில், கை சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று. மூடுகிற சத்தம்.

சந்திலிருந்து வந்தாள். கையில் அந்தப் பெல்ட். அதை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, தோள்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. பெல்ட்டை இன்னும் உள்ளே அழுத்திவிட்டு முழுக்க இழுத்தாள். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள்.

"புதுசு ரெண்டு வாங்கி டிக்கியில வெச்சிருக்கேன். பழசு என்கூட வருது. தேடாதீங்க."